தியேட்டரில் பார்த்த நீல சிலிண்டர், டிரக்கில்

2019-இல் மகள் வீட்டுக்கு ஹூஸ்டன் போயிருந்தோம். போன மூன்றாவது நாள் மாப்பிள்ளை என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டார். அவருடைய பழைய ஷெவர்லே சில்வராடோ பிக்கப் டிரக் அங்கே நின்றது. 5.3 லிட்டர், வி8 எஞ்சின். சனிக்கிழமைகளில் கால் மைல் பந்தயத் தடத்துக்கு ஓட்டிப்போய் நேரம் பார்ப்பது அவருக்கு ஒரு பைத்தியம். அதில் தவறொன்றும் இல்லை. நமக்குச் சீட்டுக் கச்சேரி, அவருக்கு அது.

பின் சீட்டின் முதுகுப் பக்கத்தை மடக்கி, "மாமா, இதைப் பாருங்க. உங்க பழைய சிநேகிதர்" என்றார்.

நீல நிற சிலிண்டர். நைட்ரஸ் ஆக்சைடு.

எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. அரசு மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரில் 33 வருடம் அனஸ்தீஷியா டெக்னீஷியனாக இருந்தவன் நான். பாயில்ஸ் மெஷினின் ஒரு பக்கம் வெள்ளைத் தோள் வைத்த கறுப்பு சிலிண்டர், அது ஆக்சிஜன். மறு பக்கம் நீல சிலிண்டர், அது நைட்ரஸ். கண்ணைக் கட்டிவிட்டாலும் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுவேன். ஆயிரக்கணக்கான பேரைத் தூங்கவைக்கத் துணைபோன வாயு, மகளும் பேரனும் உட்காரும் வண்டிக்குள், பேரனின் சீட்டுக்குப் பின்னால் படுத்திருக்கிறது!

"இது இங்கே எப்படி வந்தது?" என்று கேட்டேன். அவர் சொன்னது வாங்கிய கதை. யாரோ கழற்றிக் கொடுத்த பழைய கிட், பாதி விலை. நான் கேட்டது வேறு கதை. இந்த வாயு மருத்துவமனையை விட்டு வண்டிக்குள் எப்படி ஏறியது என்பது. அதை அங்கிருந்த மாதங்களில் நூலகத்திலும் கம்ப்யூட்டரிலும் தேடிப் படித்தேன். பாதிக் கதை எனக்கு ஏற்கனவே தெரிந்ததுதான்.

இந்த வாயுவை முதலில் தயாரித்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி, 1772-இல். அதை மனிதன் சுவாசித்துப் பார்க்கலாம் என்று துணிந்தவர் ஹம்ப்ரி டேவி. 1799-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் டாக்டர் பெடோஸ் என்பவர் வாயுக்களால் நோய் தீர்க்க முடியுமா என்று பார்க்க ஒரு நிலையம் நடத்தினார். அதில் வேலைக்குச் சேர்ந்த டேவிக்கு அப்போது வயது இருபதுதான். அம்மோனியம் நைட்ரேட்டைச் சூடாக்கி வாயுவை எடுத்துத் தானே சுவாசித்தார். சிரிப்பு வந்தது, தலை லேசானது, பல்வலி குறைந்தது. நண்பர்களுக்கும் கொடுத்தார்; கவிஞர் கோல்ரிட்ஜ்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

இதில் என் மனதைத் தொட்ட ஒரு சங்கதி உண்டு. அந்த நிலையத்துக்கு வாயு பிடிக்கும் கருவிகளை வடிவமைத்துக் கொடுத்தவர் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஜேம்ஸ் வாட், நீராவி எஞ்சின் வாட். அவருடைய மகள் 1794-இல் காசநோயில் இறந்துபோனாள். வேறு பிள்ளைகளுக்காவது பயன்படட்டும் என்று பெடோஸுக்குத் துணை நின்றார். ஆக, இந்த வாயுவின் கதையில் எஞ்சின்காரர் ஒருவர் ஆரம்பத்திலேயே இருக்கிறார்.

டேவி 1800-இல் எழுதிய புத்தகத்தில், அறுவை சிகிச்சையில் இதைப் பயன்படுத்தலாம் போலிருக்கிறது என்று ஒரு வரி எழுதிவைத்தார். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் சிரிப்பு வாயு என்று சொல்லி ஊர் ஊராக வேடிக்கை காட்டினார்கள்.

1844 டிசம்பர் 10-ஆம் தேதி அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் ஊரில் கோல்டன் என்பவர் அப்படியொரு வேடிக்கை நடத்தினார். பார்க்க வந்தவர்களில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவரும் ஒருவர். வாயுவைச் சுவாசித்த ஓர் ஆள் ஓடிப்போய் முட்டிக்கொண்டான். காலில் ரத்தம் வழிகிறது, அவனுக்கோ வலியே தெரியவில்லை. மறுநாளே வெல்ஸ் தானே வாயுவைச் சுவாசித்துவிட்டு இன்னொரு மருத்துவரிடம் தன் பல்லைப் பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை. அடுத்த மாதம் பாஸ்டனில் மருத்துவ மாணவர்கள் முன்னால் செய்து காட்டப் போனார். வாயுப் பையைக் கொஞ்சம் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, நோயாளி கத்திவிட்டான். அரங்கமே மோசடி என்று கூச்சல் போட்டது. மனமுடைந்த வெல்ஸ் 1848-இல் தற்கொலை செய்துகொண்டார். 1863-க்குப் பிறகு அதே கோல்டன்தான் பல் பிடுங்குவதற்கு இந்த வாயுவை மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வாயு சரியாகத்தான் இருந்தது, அளவுதான் போதவில்லை. இந்தக் கதையை எங்கள் மயக்க மருந்து டாக்டர் ஒருவர் புதிதாக வரும் ஒவ்வொரு பயிற்சி டாக்டருக்கும் சொல்லுவார்.

சிலிண்டர் விஷயத்துக்கு வருகிறேன், எனக்குச் சோறு போட்ட விஷயம். 1823-இலேயே மைக்கேல் ஃபாரடே இந்த வாயுவை அழுத்தத்தில் திரவமாக்கிக் காட்டினார். ஆக்சிஜன் சிலிண்டருக்குள் இருப்பது வாயு மட்டும்; செலவாகச் செலவாக மீட்டர் முள் இறங்கும். நைட்ரஸ் அப்படியில்லை. உள்ளே கீழே திரவம், மேலே ஆவி. ஆவி போகப் போகத் திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பும். ஆகவே திரவம் தீரும்வரை முள் அநேகமாக அசையாது. 20 டிகிரி வெப்பத்தில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 750 பவுண்டு காட்டும், நிறைந்திருந்தாலும் சரி, கால்வாசி இருந்தாலும் சரி. அந்த மீட்டர் சொல்வது வெப்பத்தை, இருப்பை அல்ல.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதில் நான் அடிபட்டேன். "நைட்ரஸ் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். மீட்டரைப் பார்த்து "ஃபுல் சார்" என்றேன். வயிற்று ஆபரேஷன் பாதியில் முள் மளமளவென்று விழுந்தது. மாற்று சிலிண்டரைத் திறப்பதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. டாக்டர் சமாளித்துவிட்டார், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்ததும், "மீட்டரைப் பார்க்காதே, எடை போடு" என்றார். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை எடை போடாமல் ஒரு நீல சிலிண்டரை நான் மாட்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வாயுவின் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் 23 சதவீதம்தான். ஆனால் நைட்ரஸுக்குள் இருக்கும் ஆக்சிஜனை நம் உடம்பால் பிரித்தெடுக்க முடியாது. அதனால்தான் தியேட்டரில் ஆக்சிஜனைத் தனியாகக் கலந்தே கொடுப்பார்கள். தனி நைட்ரஸைச் சுவாசித்துக்கொண்டே இருந்தால் ஆள் மூச்சடைத்துச் செத்துப்போவான். எஞ்சின் சங்கதி வேறு. ஏறக்குறைய 300 டிகிரிச் சூட்டில் இந்த வாயு உடைந்து ஆக்சிஜனை விட்டுவிடும். எஞ்சினுக்குள் அந்தச் சூடு தாராளமாக உண்டு. நுரையீரலில் பூட்டியே இருக்கும் பெட்டி, சிலிண்டர் தலைக்குள் போனதும் திறந்துகொள்கிறது.

இதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர்கள் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையினர். மேலே போகப் போகக் காற்று மெலியும், எஞ்சின் மூச்சுத் திணறும். மெஸ்ஸர்ஷ்மிட் 109 போன்ற விமானங்கள் சிலவற்றில் நைட்ரஸ் ஆக்சைடை எஞ்சினுக்குள் பீய்ச்சும் ஏற்பாட்டைப் பொருத்தினார்கள். பெயர் ஜிஎம்-1, கோரிங் கலவை என்று அதை விரிப்பார்கள். பிரிட்டிஷ்காரர்களும் மாஸ்கிட்டோ இரவு விமானங்கள் சிலவற்றில் இதைச் செய்தார்கள். டாங்கியின் சுமையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும், தீர்ந்துவிட்டால் அந்தச் சுமை தண்டம். ஆகவே எல்லா விமானத்துக்கும் அது ஒத்துவரவில்லை.

போர் முடிந்து பல வருடம் கழித்து அமெரிக்கப் பந்தயக்காரர்கள் கைக்கு இது வந்தது. வந்த விதம் கொஞ்சம் திருட்டுத்தனமானது. 1976 டேடோனா 500 பந்தயத்துக்கான தகுதிச் சுற்றில் ஏ.ஜே. ஃபாய்ட், டேரல் வால்ட்ரிப் ஆகிய இரண்டு பெரிய ஓட்டுநர்களின் நேரமும் நைட்ரஸ் பயன்படுத்தியதற்காக ரத்தானது. முதல் இடத்தில் நின்று புறப்படும் வாய்ப்பு ராமோ ஸ்டாட் என்பவருக்குப் போனது. நம்மூர் ஆட்கள் ரேக்ளா பந்தயத்தில் செய்யாத தில்லுமுல்லா என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து, 1978-இல், கலிஃபோர்னியாவில் மைக் தெர்மோஸ், டேல் வஸ்நாயன் என்ற இருவர் நைட்ரஸ் ஆக்சைடு சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். ஒளித்துவைத்த சமாசாரம் கடையில் கிட்டாகக் கிடைக்க ஆரம்பித்தது. என்ஓஎஸ் என்ற அந்த மூன்று எழுத்தையும் 2001-இல் ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் படம் உலகம் பூராவும் கொண்டுபோனது. அவர்கள் சிலிண்டருக்கு அடித்த நிறமும் நீலம்தான்.

சரி, மாப்பிள்ளையின் டிரக்கைப் பார்ப்போம்.

நான் முதலில் செய்தது சிலிண்டரின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. கை தானாகப் போகும், பழக்கம். கடைசியாக அழுத்தச் சோதனை செய்த மாதமும் வருடமும் அங்கே பொறித்திருக்கும். அமெரிக்காவிலும் நம் ஊரிலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அது நடக்க வேண்டும். இதில் கெடு தாண்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடுத்து அது நிற்கும் விதம். ரப்பர் ஹோஸை இறுக்கும் கிளாம்ப் இரண்டு, அவ்வளவுதான். பழைய சொந்தக்காரர் கொடுத்ததை அப்படியே மாட்டியிருக்கிறார். மோதினால் அது முன் சீட்டுக்குப் பறந்து வரும்.

மூன்றாவதுதான் என்னைப் பயமுறுத்தியது. இந்த சிலிண்டர் வால்வில் உலோகத் தகடு ஒன்று உண்டு. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அளவுக்குப் போனால் தகடு கிழிந்து வாயு முழுவதையும் வெளியே விட்டுவிடும். சிலிண்டர் வெடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆனால் வெளியே என்றால் எங்கே? வண்டிக்கு வெளியே போகக் குழாய் வைக்கவில்லை என்றால் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில்தான். பத்து பவுண்டு, அதாவது 4.5 கிலோ திரவம் வாயுவானால் 2,400 லிட்டருக்கு மேல் வரும். அந்தக் கேபினில் பாதிக்கு மேல் நிரம்பிவிடும். வண்டியை ஓட்டுபவர் என்ன நடந்தது என்று யோசிப்பதற்குள் தலை கிறுகிறுக்கும்.

"அதெல்லாம் நடக்காது மாமா, 3,000 பவுண்டுக்கு எங்கே போகப்போகுது" என்றார்.

"மாப்பிள்ளை, இந்த வாயுவுக்கு 36.4 டிகிரி ஒரு எல்லை. நம்ம உடம்புச் சூட்டுக்கும் கீழே. அதைத் தாண்டிட்டா உள்ளே திரவம்னு ஒண்ணு கிடையாது. அப்புறம் சூடு ஏற ஏற அழுத்தம் கன்னாபின்னான்னு ஏறும். உங்க ஊர் ஆகஸ்ட் வெயில்ல கண்ணாடியை ஏத்திவிட்டு வண்டியை நிறுத்துறீங்களே, உள்ளே எத்தனை டிகிரி இருக்கும்?"

பதில் சொல்லவில்லை. வெப்ப நாடுகளில் இந்த சிலிண்டரைக் குளிர் நாடுகளைவிடக் குறைவாகத்தான் நிரப்புவார்கள், ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு முக்கால் கிலோவுக்குப் பதில் 670 கிராம்தான் என்பதையும் சொன்னேன். மூச்சுவிட இடம் வேண்டும் என்பதற்காக அந்தக் குறைவு.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், இல்லை. அன்று மாலையே சிலிண்டர் கழன்றது. அந்த வார இறுதியில் இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தோம். எஞ்சின் எனக்குத் தெரியாது. அவருடைய நண்பர் ஒருவர், வயதான மெக்கானிக், அவர் வந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

அவர் விளக்கியது எனக்கு நம் வீட்டு ஊதாங்குழலாகத்தான் புரிந்தது. நைட்ரஸ் எரிபொருள் இல்லை. அது ஊதுகிற காற்று. ஊதினால் தீ கொழுந்துவிடும், ஆனால் விறகு இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்குள் நைட்ரஸ் மட்டும் கூடி, பெட்ரோல் அதற்கேற்பக் கூடாவிட்டால் சூடு எகிறிப் பிஸ்டன் உருகிவிடும். ஆகவே கிட்டில் இரண்டு ஜாதி. நைட்ரஸை மட்டும் பீய்ச்சிவிட்டு, கூடுதல் பெட்ரோலை வண்டியின் இன்ஜெக்டரையே கொடுக்கவைப்பது டிரை. ஒரே நாசிலில் நைட்ரஸும் பெட்ரோலும் சேர்ந்து வருவது வெட். கம்ப்யூட்டர் ட்யூனிங் கைவராதவர்களுக்கு வெட்தான் நல்லது என்றார் மெக்கானிக். டீசல் டிரக்கில் இந்தக் கவலை குறைவாம். கரும்புகை கக்கும் வண்டியில் எரியாத டீசல் ஏற்கனவே மிச்சம் இருக்கிறது, நைட்ரஸ் மட்டும் போதும்.

எவ்வளவு சக்தி என்பதை நிர்ணயிப்பது ஜெட் என்கிற ஊசித் துளை. மாப்பிள்ளை 150 குதிரைசக்தி கேட்டார். மெக்கானிக் 75-இல் ஆரம்பிக்கச் சொன்னார். "பிஸ்டன் கம்பெனி போட்டது, ரேஸுக்குப் போட்டது இல்லை" என்பது அவர் வாதம். 75-க்குத் துளை போட்டாலும் ஸ்பார்க் ப்ளக் ஒரு படி குளிர்ந்த ரகம், உயர் ஆக்டேன் பெட்ரோல், தீப்பொறி வரும் நேரத்தை மூன்று டிகிரி பின்னுக்குத் தள்ளுவது (50 குதிரைசக்திக்கு இரண்டு டிகிரி என்பது அவர்கள் கணக்கு) எல்லாம் செய்தார்.

அப்புறம் ஸ்விட்சுகள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதி. எங்கள் மெஷினில் நைட்ரஸ் சிலிண்டரை ஆக்சிஜன் இடத்தில் மாட்டவே முடியாது. பின்களின் இடம் வேறு, துளைகளின் இடம் வேறு. கை தப்பினாலும் மெஷின் தடுக்கும். அதே புத்தி இங்கேயும். முதலில் ஓட்டுநர் போடும் ஸ்விட்ச். அது போட்டாலும் ஆக்சிலரேட்டர் முழுவதும் மிதிபட்டால்தான் ஓடும். மிதித்தாலும் எஞ்சின் 3,000 சுற்றைத் தாண்டினால்தான். குறைந்த சுற்றில் திறந்துவிட்டால் வாயுவும் பெட்ரோலும் இன்டேக் மேனிஃபோல்டில் தேங்கி அங்கேயே வெடிக்கும், அந்தப் பாகமே பிளந்துபோகும். பெட்ரோல் அழுத்தம் விழுந்தால் நைட்ரஸை நிறுத்திவிட இன்னொரு ஸ்விட்ச். இந்தக் கடைசி ஸ்விட்ச் பழைய கிட்டில் இல்லவே இல்லை. அதை வாங்க மாப்பிள்ளை முகம் சுளித்தார், நான் பணம் கொடுத்துவிட்டேன்.

சிலிண்டர் பின்னால் சரக்குத் தொட்டிக்குப் போனது. வெயில் படாமல் மூடி, தரையில் போல்ட் போட்ட உறுதியான பிராக்கெட். லேபிள் மேலே பார்க்க, வால்வு முன்பக்கம் சற்று உயர்ந்து இருக்கும்படி படுக்கவைத்தார்கள். உள்ளே இருக்கும் குழாய் திரவத்தை உறிஞ்ச அதுதான் வாட்டம். தகட்டுக் குழாய் வண்டிக்கு அடியில் போனது. சிலிண்டரைக் கட்டக் கிளாம்பும் பிளாஸ்டிக் டையும் கூடாது, கேபினுக்குள் வைத்தால் வெளியே போகும் குழாய் வேண்டும் என்பதெல்லாம் அங்கே டிராக் பந்தயங்களை நடத்தும் என்ஹெச்ஆர்ஏ அமைப்பின் விதியிலேயே இருக்கிறதாம். படிக்காமல் விட்டது மாப்பிள்ளை.

ஓடும்போது அழுத்தம் 900, 950 பவுண்டு இருக்க வேண்டும். அது முப்பது டிகிரியை ஒட்டிய வெப்பம். குளிர் காலத்தில் அதை எட்ட சிலிண்டருக்குக் கம்பளிபோலச் சுற்றும் எலக்ட்ரிக் ஹீட்டர் உண்டு, அளவு வந்ததும் தானே நின்றுவிடும். சிலர் பொறுமையில்லாமல் பற்றவைக்கிற டார்ச்சால் சூடு காட்டுவார்கள் என்று மெக்கானிக் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஒரு சிறு தகவல்: வண்டிக்கான நைட்ரஸில் கந்தக டை ஆக்சைடு கொஞ்சம் கலந்தே விற்கிறார்கள், யாரும் போதைக்குச் சுவாசித்துவிடக் கூடாது என்று. மோந்தால் தொண்டை எரியும். டேவியின் நண்பர்கள் பாவம்.

சிலிண்டர் சோதனைக்குப் போய்ப் புது முத்திரையோடு திரும்பி வந்து, நிரப்பி, மாட்டுவதற்கு முன்னால், "ஒரு நிமிஷம் இருங்க மாப்பிள்ளை" என்று உள்ளே போய் என் மனைவி தினமும் ஏறி நின்று அலுத்துக்கொள்ளும் எடை மெஷினை எடுத்து வந்தேன். காலி எடை சிலிண்டரிலேயே இருந்தது. ஏற்றிப் பார்த்தோம், நாலரை கிலோ கூடுதல், கணக்கு சரி. ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, எடையையும் தேதியையும் பேனாவால் எழுதினேன்.

போன மாதம் வீடியோ காலில் பேரன் கராஜைக் காட்டினான். எடை மெஷின் டிரக்குக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. சுவரில் ஒட்டிய காகிதத்தில் வரிசையாகத் தேதியும் எடையும்; கடைசி வரி முந்தின சனிக்கிழமை. "பாட்டிக்கு வேற மெஷின் வாங்கிட்டோம் தாத்தா" என்றான்.